துவைத்தாலும் போகாத மை

"அப்பா, இந்தப் பிள்ளைங்க தொலைஞ்சு போனாலும் உங்களுக்குத்தானே போன் வரும்?"

மகள் இதைக் கேட்டபோது ஸ்டாம்ப்காரர் பதினோராவது குழந்தையின் மணிக்கட்டில் முத்திரையை அழுத்தி எடுத்துவிட்டு, எழுத்து சிதறாமல் விழுந்திருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சு வார்த்தாற்போல் விழுந்திருந்தது. அந்தத் திருப்தி முகத்தில் பரவத் தொடங்கிய அதே நேரத்தில்தான் மகளின் கேள்வி காதில் ஏறியது.

"என்னடி சொன்னே?"

"எல்லார் கையிலயும் உங்க நம்பர்தானே இருக்கு? அவங்க அப்பா நம்பரா இருக்கு?"

ஸ்டாம்ப்காரர் தன் கையிலிருந்த முத்திரையைத் திருப்பிப் பார்த்தார். தலைகீழ் எழுத்தை நேர் எழுத்தைவிட வேகமாகப் படிப்பவர் அவர். 'தொலைந்தால் அழைக்கவும்' என்று இருந்தது. கீழே அவருடைய செல்போன் எண் இருந்தது. பத்து இலக்கமும் அவருடையதே. வேறு யாருடையதாக இருக்க முடியும்?

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது இரண்டே இரண்டு கைகளில்தான் அந்த முத்திரை இருந்தது. ஏழு வயதுப் பெரியவள் கையில் ஒன்று, மூன்று வயதுக் குட்டியின் கையில் ஒன்று. அதற்கும் காரணம் இருந்தது. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். ஒரு சொட்டு ரத்தத்தை நாலு தடவை பார்த்தால் நம்பிவிடுவாள். கணவரைப் பத்து வருஷமாகப் பார்த்தும் நம்பிக்கை வரவில்லை. போன கோடையில் குட்டியைக் கடைக்குக் கூட்டிப்போனவர், சாயங்காலம் குட்டியை உள்ளேயே வைத்துக் கடையைப் பூட்டிவிட்டு, சாவியைச் சுழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர். பாதிக் காபி குடித்த பிறகுதான் நினைவு வந்தது.

இப்போது அவளுக்கு வெளியூரில் ஐந்து நாள் பயிற்சி வந்திருந்தது. அதை முடித்தால் பரிசோதனைக்கூடத்துக்கே அவள்தான் தலைமை. இரண்டு தடவை வந்ததைப் பிள்ளைகளுக்காக வேண்டாம் என்று தள்ளியவள். அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் அவள் தலைக்கு மேல் ஏறிப் போய்விட்டார்கள். "இதுதான் கடைசி. இன்னிக்கு நாலு மணிக்குள்ள சொல்லிடுங்க" என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு எனக்கு வேலை இருக்கு. பிள்ளைங்களைப் பூங்காவுக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க. கூட்டிட்டுப் போன மாதிரியே திருப்பிக் கொண்டுவந்துடுவீங்கன்னு எனக்கு ஒரு நம்பிக்கை வந்தா, போறேன்னு சொல்லிடுவேன். இல்லைன்னா இந்தத் தடவையும் இல்லைதான்" என்றாள் காலையில். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இருந்தது ஏக்கம்.

அதனால்தான் இந்த முத்திரை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்குக் குத்துகிற மை. துவைத்தாலும் போகாது.

பூங்காவில் குழந்தைகள் குளிக்கும் ஆழமில்லாத குளத்தின் கரையில், ஒரு மரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்தார். பக்கத்தில் பதினோரு பிள்ளைகளை மேய்த்துக்கொண்டு ஒரு டீச்சர் வந்து சேர்ந்தாள். கோடை விடுமுறை வகுப்புப் பிள்ளைகள். எல்லாம் ஐந்து, ஆறு வயது உருப்படிகள். ஒன்றைப் பிடித்தால் இரண்டு நழுவின. அந்த டீச்சரின் கண்ணில் குட்டியின் மணிக்கட்டு பட்டுவிட்டது.

"அட! எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு! நீங்களே செஞ்சதா?"

இருபது வருஷமாக முத்திரை செய்கிறார். 'பெறப்பட்டது', 'நகல்', 'அவசரம்' என்று எத்தனையோ செய்து கொடுத்திருக்கிறார். வாங்கிப்போனவர்கள் ஓங்கி ஓங்கிக் குத்தினார்களே தவிர, ஒருத்தர் பாராட்டியதில்லை. டீச்சரின் அந்த ஒரு வரியில் ஸ்டாம்ப்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"எங்க பிள்ளைங்களுக்கும் குத்தி விடறீங்களா?" என்றாள் டீச்சர்.

மையும் பையில் இருந்தது. கேட்பானேன்? வரிசையில் நிறுத்திக் குத்தித் தள்ளிவிட்டார்.

இப்போது பதினோரு பிள்ளைகளும் கையை ஆட்டிக்கொண்டு, பூங்காவின் எட்டுத் திசையிலும் நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்டாற்போல் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"சோப்பு எடுத்துட்டு வா" என்றார் மகளிடம்.

அருகில் அகப்பட்ட பச்சைத் தொப்பிக்காரனைப் பிடித்துக் குழாயடியில் வைத்துத் தேய்த்தார். சோப்பு பாதியாகக் கரைந்தது. பையனின் கை சிவந்தது. சிவப்புப் பின்னணியில் எண் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

அப்போதுதான் பையில் இன்னொரு முத்திரை இருப்பது நினைவுக்கு வந்தது. நாளைக்கு ஓர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய முத்திரை. யோசிக்காமல் எடுத்து எண்ணின்மேல் ஓங்கிக் குத்தினார்.

மகள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ரத்து செய்யப்பட்டது."

"ரத்துன்னா என்னக்கா?" என்றான் பச்சைத் தொப்பி.

"உன்னை வேணாம்னுட்டாங்கன்னு அர்த்தம்."

பச்சைத் தொப்பி வானம் கிழிய அழ ஆரம்பித்தான். டீச்சர் எட்டிப் பார்த்தாள். "என்ன சார், இவனுக்கு மட்டும் ஏதோ ரெண்டாவது குத்தியிருக்கீங்க?"

"அது... ஒரு வெள்ளோட்டம்" என்று உளறிவிட்டு, அவன் வாயை அடைப்பதற்காக அவசரமாக ஒரு குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தார். அழுகை குழாயை மூடினாற்போல் நின்றது. அடியில் கீறல்போல் எண் இன்னும் படிக்கும்படியாகவே இருந்தது.

"அப்பா, எனக்கு?" என்றாள் மகள்.

"உனக்கும்தான், வாங்கிக்கோ."

"தம்பிக்கு?"

"அவனுக்கும்."

உண்மையைச் சொல்லிவிடுவதே மேல் என்று டீச்சரிடம் போனார். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் குளத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒரு விஷயம்..."

"பன்னெண்டு வருஷமா பிள்ளைங்களை வெளியே கூட்டிட்டு வரேன் சார். இன்னிக்குத்தான், கையில முத்திரை இருக்கிற தைரியத்துல, உக்காந்திருக்கேன். நீங்க நல்லா இருக்கணும்" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "என்னவோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல. வெயில் ஜாஸ்தி."

"ஆமாமா."

முடிவு செய்துவிட்டார். பதினோரு பேரையும் தானே கண்காணிப்பது. யாரும் தொலையாமல் இருந்துவிட்டால் எந்த எண் இருந்தால் என்ன? குட்டியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார். ஏழு வரை வந்தபோது செல்போன் அடித்தது.

"ஹலோ, உங்க பிள்ளை இங்க பொம்மை ரயில்கிட்ட நிக்குது சார். வந்து கூட்டிட்டுப் போங்க."

குட்டி தோளில் குதிக்க, மகள் பின்னால் ஓடிவர, மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தார். சிவப்புச் சட்டைப் பையன் ஒருவன் கையை நீட்டியபடி சமர்த்தாக நின்றுகொண்டிருந்தான்.

"அழாதே கண்ணா, அழாதே. இதோ வந்துட்டேன்."

"நான் அழலையே" என்றான் அவன்.

அழாவிட்டாலும் அழுதுவிடுவானோ என்ற பயம். டீச்சரிடம் போய்ச் சொல்லிவிடுவானோ என்ற பயம் அதைவிடப் பெரியது. ஐஸ் வண்டியைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவனுக்கு ஒன்று. மகள் நின்ற நிலையைப் பார்த்து அவளுக்கும் ஒன்று.

திரும்பி வந்து, வேர்வையைத் துடைத்து, மூச்சைச் சரிசெய்துகொண்ட அடுத்த நிமிஷம் மறுபடி அழைப்பு. இந்தத் தடவை சறுக்குமரம்.

"மஞ்சப் பாவாடையா இருக்கும்ப்பா" என்றாள் மகள்.

போய்ப் பார்த்தால் மஞ்சள் பாவாடையேதான். "எப்படிடீ கண்டுபிடிச்சே?"

"தெரியும்" என்றாள்.

தனக்கு இல்லாத கவனம் மகளுக்காவது இருக்கிறதே என்று ஸ்டாம்ப்காரருக்கு அந்தக் கலவரத்திலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. தாயைக் கொண்டிருக்கிறாள். எல்லாருக்கும் ஐஸ் வாங்கினார்.

அதற்குப் பிறகு அவரை உட்காரவிடவில்லை. ஊஞ்சல், வாத்துக் குளம், டிக்கெட் அறை, மறுபடி சறுக்குமரம். ஒரே ஒரு ஆறுதல். ஒரே சமயத்தில் இரண்டு பேர் தொலையவில்லை. ஒருத்தரைக் கொண்டுவந்து சேர்த்த பிறகே அடுத்தவர் தொலைந்தார். கடவுள் சோதித்தாலும் மூச்சுவிட இடைவெளி கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

ஐஸ்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. "சார், உங்களுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைங்க?"

"ரெண்டு."

"இது ஏழாவது."

"அது வந்து... பெரிய குடும்பம்."

ஐஸ்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு காவலாளியிடம் போய் ஏதோ காதில் சொன்னார். காவலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அவர் போன திசையிலெல்லாம் வர ஆரம்பித்தார். ஸ்டாம்ப்காரர் ஓடினால் காவலாளியும் ஓடினார். நின்றால் காவலாளியும் நின்று, வானத்தைப் பார்த்தார்.

மூன்றே கால் மணிக்கு மனைவி அழைத்தாள்.

"என்னங்க, ஒரு மணி நேரமா போட்டுட்டு இருக்கேன். எப்பப் பார்த்தாலும் யார்கிட்டயோ பேசிட்டே இருக்கீங்க. யாருகிட்ட?"

"வாடிக்கைக்காரங்க..."

"லீவு நாள்லயா? சரி, குட்டி எங்கே?"

"என் தோள்ல."

"பெரியவ?"

"இதோ, பக்கத்துல."

அந்த நேரம் பார்த்து, அப்போதுதான் வாத்துக் குளத்திலிருந்து மீட்டுக்கொண்டு வந்த பையன் ஐஸை உயரத் தூக்கிக்கொண்டு, "டேய், நான் கிடைச்சுட்டேன்!" என்று மரத்தடியைப் பார்த்துக் கத்தினான்.

மனைவிக்கு அது கேட்டுவிட்டது. "யார் கிடைச்சது?"

"விளையாடறாங்க. ஒளிஞ்சு பிடிக்கிற விளையாட்டு."

"உங்க குரலே சரியில்லைங்க" என்றாள் அவள், மெதுவாக. "பரவாயில்ல விடுங்க. நான் அவர்கிட்ட முடியாதுன்னே சொல்லிடறேன்."

"ஐயோ, வேண்டாம்! நாலு மணி வரைக்கும் பொறு. நான் பார்த்துக்கறேன். சத்தியமா நல்லா பார்த்துக்கறேன்."

சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. ஒன்பதாவது.

தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. குட்டி வேறு தூங்கி வழிந்து, அவர் காதை ஈரமாக்கிக்கொண்டிருந்தான். பதினோரு பேரில் இதுவரை ஒரு தடவைகூடத் தொலையாதது ஒரே ஒரு பெண்தான். இரட்டைச்சடை போட்ட வாயில்லாப் பூச்சி. வந்ததிலிருந்து பாயின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பெற்றால் இப்படி ஒன்று பெறவேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டார். குட்டியை அவள் பக்கத்தில் படுக்கவைத்தார்.

"கண்ணு, தம்பியைப் பார்த்துக்கறியா? மாமா இதோ வந்துடறேன்."

இரட்டைச்சடை அவரைப் பார்க்காமல் அவர் மகளைப் பார்த்தாள். மகள் அவள் காதில் ஏதோ சொல்லித் தலையை ஆட்டினாள். இரட்டைச்சடையும் தலையை ஆட்டினாள்.

ஒன்பதாவதை ஊஞ்சலிலிருந்து கொண்டுவந்து விட்டார். பத்தாவது பூங்காவின் மறுகோடியில், நீரூற்றுக்குப் பக்கத்தில். போய் மீட்டு, ஐஸ் வாங்கிக் கொடுத்து, திரும்பி மரத்தடிக்கு வந்து பார்த்தார்.

பாய் மட்டும் கிடந்தது. டீச்சர் தண்ணீரில் கால் வைத்தபடியே உறங்கிப்போயிருந்தாள்.

"குட்டி?"

பாயைத் தூக்கிப் பார்த்தார். மூன்று வயதுப் பிள்ளை பாய்க்கு அடியில் இருக்காது என்று தெரிந்தும் பார்த்தார். அந்த நேரத்தில் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. 'அப்பாடா, யாரோ பார்த்துவிட்டார்கள்' என்று பாய்ந்து எடுத்தார். "ஹலோ" என்றார். செல்போன் இரண்டு தடவை முனகிவிட்டுக் கறுத்துப்போனது. காலையிலிருந்து ஓயாமல் பேசிய களைப்பு அதற்கு.

இனிமேல் குட்டியைக் கண்டெடுத்த எவரும் அவரைக் கூப்பிட முடியாது. பூட்டிய கடைக்குள் போன கோடையில் கேட்ட அழுகை இப்போது காதுக்குள் கேட்டது.

ஒலிபெருக்கி அறைக்கு ஓடினார். காவலாளியும் பின்னால் ஓடினார்.

"என் பையனைக் காணோம்! மூணு வயசு!"

"என்ன சட்டை?" என்றார் ஒலிபெருக்கிக்காரர்.

என்ன சட்டை? ஸ்டாம்ப்காரருக்குத் தலைக்குள் எல்லாம் வழித்துப்போட்டாற்போல் இருந்தது. நினைவில் நின்றது ஒன்றுதான். "கையில முத்திரை இருக்கும். என் போன் நம்பர்."

அது போதும் என்றார் ஒலிபெருக்கிக்காரர். பூங்கா முழுக்க அவர் குரல் முழங்கியது. கையில் முத்திரை உள்ள பிள்ளையை யார் பார்த்தாலும் உடனே ஒலிபெருக்கி அறைக்குக் கொண்டுவரவும் என்று சொல்லி, எண்ணை மூன்று தடவை படித்தார்.

இரக்கமுள்ள ஜனங்கள். ஐந்து நிமிஷத்தில் நாலா பக்கமிருந்தும் வந்துவிட்டார்கள். ரயில்காரர் ஒன்றைக் கொண்டுவந்தார். ஊஞ்சல் ஆட்டுகிறவர் இரண்டைக் கொண்டுவந்தார். யாரோ ஒரு அம்மாள் மூன்றைச் சங்கிலியாகக் கோத்து இழுத்து வந்தாள். சற்றுமுன் அவரே மரத்தடியில் விட்டுவந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

"இது உங்களுதா?" என்றார் ஒலிபெருக்கிக்காரர், ஒவ்வொன்றாக.

"இல்ல."

"நம்பர் உங்களுதுதானே?"

"நம்பர் என்னுது. பிள்ளை என்னுது இல்ல."

"இந்தப் பையன் கையில 'ரத்து செய்யப்பட்டது'ன்னு போட்டிருக்கே. இவனைச் சேர்க்கறதா வேண்டாமா?"

காவலாளிக்கு அதற்குமேல் தாளவில்லை. "சார், நீங்க கொஞ்சம் அப்படி உக்காருங்க" என்று அவர் தோளில் கையை வைத்தார்.

உட்கார்ந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. மூன்றே காலுக்கு அவர் குரலைக் கேட்டதிலிருந்து மனசு கேட்காமல், மேலாளரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். பூங்கா வாசலில் கால் வைத்தபோது கணவரின் எண் ஒலிபெருக்கியில் முழங்கியிருக்கிறது.

"குட்டி எங்கே?" என்றாள்.

அவர் காலியான தோளைத் தடவிக்கொண்டார்.

அப்போது வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பிளந்துகொண்டு இரட்டைச்சடை வந்தாள். அவள் விரலைப் பிடித்தபடி, கன்னத்தில் பாயின் கோடுகளோடு, கொட்டாவி விட்டுக்கொண்டே குட்டி வந்தான். பின்னால் டீச்சர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"மரத்துக்குப் பின்னாடிதான் சார் இருந்தாங்க ரெண்டு பேரும்! வெயில் இந்தப் பக்கம் வந்துடுச்சுன்னு தம்பியை நிழலுக்குத் தூக்கிட்டுப் போயிருக்கா!"

மனைவி குட்டியை வாரி எடுத்தாள். நெற்றியைத் தொட்டாள். கை, கால், முழங்கால் எல்லாவற்றையும் ரத்தம் பார்க்கிற கண்ணோடு பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. பிறகு கணவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வரப்போவதை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

அதற்குள் டீச்சர் எண்ணி முடித்துவிட்டாள். "ஒம்பது, பத்து, பதினொண்ணு! எல்லாரும் இருக்காங்க! நீங்கதான் இவர் வீட்டுக்காரம்மாவா? கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க. என் பிள்ளைங்க எங்கெங்கேயோ ஓடிச்சுங்க. ஒவ்வொண்ணா இவர்தான் தேடிக் கூட்டிட்டு வந்து விட்டார். நான் அசந்து தூங்கியே போயிட்டேன். இப்படி ஒரு மனுஷனை நான் பார்த்ததே இல்ல."

"பத்துத் தடவை ஓடினாரும்மா" என்று காவலாளி சாட்சி சொன்னார். "நானும் பின்னாடியே ஓடியிருக்கேன். நாக்கு தள்ளிடுச்சு." அவர் கை இப்போது ஸ்டாம்ப்காரரின் தோளிலிருந்து முதுகுக்கு இறங்கித் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

மனைவி கணவரை மறுபடி பார்த்தாள். சட்டை முழுக்க வேர்வை. அதன்மேல் பத்து நிறத்தில் ஐஸ் கறை.

"அடுத்தவங்க பிள்ளை பத்தையா கண்டுபிடிச்சீங்க?"

"பத்துதான்" என்றார் அவர், குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல்.

அவள் கண் கலங்கிவிட்டது. "நான் உங்களை ரொம்பக் குறைச்சு நினைச்சுட்டேங்க."

மணி மூன்று ஐம்பத்தைந்து. அவள் செல்போனை எடுத்தாள். "சார், நான் பயிற்சிக்கு வரேன். ஆமா சார், உறுதியா. வீட்டுல அவர் பார்த்துப்பார்." பேசி முடித்தபோது அவள் முகத்தில் எத்தனையோ வருஷமாகக் காணாத ஒரு வெளிச்சம். ஸ்டாம்ப்காரர் நிமிர்ந்து நின்றார். தான் இவ்வளவு உயரமா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

வாசலில் வேன் வந்து ஒலியெழுப்பியது. டீச்சர் பிள்ளைகளை ஏற்றினாள். பத்துப் பேர் ஏறிவிட்டார்கள். இரட்டைச்சடை மட்டும் படியில் நின்றுகொண்டு, கம்பியைப் பிடித்தபடி தேம்பித் தேம்பி அழுதாள்.

"அய்யோ, என்னம்மா ஆச்சு? நாள் பூரா சமர்த்தா இருந்தியே?" என்று மனைவி போய்க் குனிந்து கேட்டாள்.

ஸ்டாம்ப்காரரின் மகள் சட்டென்று அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

இரட்டைச்சடை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முத்திரை குத்திய கையை ஒளிந்தவளை நோக்கி நீட்டிச் சொன்னாள்: "தம்பியைப் பார்த்துக்கிட்டா கடைசியா என்னைத் தொலைய விடறேன்னு அந்த அக்கா சொன்னாங்க... எல்லாரும் தொலைஞ்சு தொலைஞ்சு ஐஸ் தின்னுட்டாங்க, என் முறை வர்றதுக்குள்ள வேன் வந்துடுச்சே!"